முதலில் கருப்பு ஒயர்

அன்று நான் ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் என் வீட்டில் முடிவு எடுப்பவன் நான்தான் என்று. இதை என் மனைவி இராஜம்மாவிடம் சொல்லாமல் இருப்பது நல்லது என்று கையோடு இன்னொரு முடிவும் எடுத்தேன்.

என் பெயர் ரெங்கசாமி. கோலாலம்பூரை அடுத்த பூச்சோங் பக்கத்தில் ஒரு கோல்ஃப் கிளப்பில் பக்கி ஃபோர்மேன். கிளப்பின் பெயர் வேண்டாம். சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். வந்தால் அதை வாங்கி வைக்க எனக்கு ஒரு வீட்டு விலாசம் இருக்குமா என்பதே சந்தேகம். பக்கி என்றால் வேறொன்றுமில்லை. நடந்து ஆட வேண்டிய ஆட்டத்தைப் பணக்காரர்கள் உட்கார்ந்தபடியே ஆடுவதற்காகச் செய்த பேட்டரி வண்டி. எங்கள் கிளப்பில் இருபது பக்கி. இராஜம்மா என்னையும் சேர்த்து இருபத்தொன்று என்பாள்.

கிளப் வருவதற்கு முன்னால் அது ரப்பர் தோட்டம். நான் அங்கே டிராக்டர் ஓட்டினேன். அவள் பால்மரம் வெட்டினாள், அதாவது மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுத்தாள். கம்பெனி தோட்டத்தை விற்றது. மரத்தைச் சாய்த்தார்கள், புல்லை நட்டார்கள். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை, அதாவது லயத்தை மட்டும் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். மறக்கவில்லை. கடைசியாக உடைக்கலாம் என்று வைத்திருந்தார்கள். பதினெட்டு வீடு, ஒரு மாரியம்மன் கோவில், எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்ப் பைப். மாற்று வீடு எங்கே என்று கேட்டால் "நாந்தி, நாந்தி" என்பார்கள். மலாயில் நாந்தி என்றால் 'அப்புறம்'. அந்த அப்புறம் வரவே இல்லை.

நாங்கள் கிளம்புகிற மாதிரி தெரியவில்லை. உடனே லோரி வராதபடி தோட்ட ரோட்டின் குறுக்கே பள்ளம் தோண்டினார்கள். அதற்கும் நாங்கள் அசையவில்லை. பைப்பை அடைத்தார்கள்.

தண்ணீர் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் ஈயம் தோண்டிவிட்டுப் போன பள்ளத்தில் தேங்கிய பழைய ஈயக்குட்டைக்குப் போய் வாளியில் மொண்டு வந்தார்கள். பார்ப்பதற்கு டீ போட்டு வைத்த மாதிரி இருக்கும். துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடித்தோம். பக்கத்து வீட்டுச் சந்திரகலாவின் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். பிழைத்து வந்தது. வந்தபோது தூக்கிப் பார்த்தேன், கையில் பாரமே இல்லை. அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இந்த லட்சணத்தில் கிளப்புக்குத் திறப்பு விழா வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. கோலாலம்பூரிலிருந்து ஒரு டத்தோ, அதாவது சுல்தானிடம் பட்டம் வாங்கிய பெரிய மனுஷர், வருகிறார். மலைமேல் முதல் குழி இருக்கிற இடத்தில் கல்வெட்டைத் திறந்து முதல் பந்தை அடிக்கிறார். மறுவாரம் லயத்தை உடைக்க மெஷின் வருகிறது. இதைக் கேட்டதும் லயத்துப் பெண்கள் கூட்டம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கிளப் வாசலில் ரோட்டை மறித்து உட்காருவது என்று தீர்மானம். தலைவி என் பொண்டாட்டி. கூட்டம் நடந்தது என் வீட்டில். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? டீ கலக்கியது நான்தானே.

மறுநாளே மேனேஜர் யாப் என்னைக் கூப்பிட்டார். இடுப்பில் பேஜர், கையில் ஃபேன் ரிமோட்.

"ரெங்கா, ஐ ஹியர் யுவர் வைஃப் வான்ட் டு சிட் ஆன் த ரோட்."

"சும்மா பேச்சு பாஸ்."

"யூ ஜாகா யுவர் வைஃப் லா. ஞாயித்துக்கிழமை ரோட்ல ஒரு ஆள் இருக்கக்கூடாது. நோ ப்ராப்ளம்னா, ஸ்டாஃப் குவாட்டர்ஸ்ல ஒரு வீடு. உனக்கு. ஃபேன் இருக்கு, டைல்ஸ் இருக்கு, பைப் இருக்கு."

என் காதில் பைப் மட்டும்தான் விழுந்தது. திருகினால் தண்ணீர். வெள்ளையாக, வாசனையில்லாமல், சத்தத்தோடு விழுகிற தண்ணீர். நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள். தலை தானாக ஆடியது. ஜாகா என்றால் காவல். கட்டிய பொண்டாட்டிக்கே காவல்காரன் ஆனேன்.

அன்று சாயங்காலம் இராஜம்மா குட்டைக்குப் போயிருந்தபோது ஒரு கயிற்றை எடுத்து எங்கள் அலமாரியை அளந்தேன். குவாட்டர்ஸ் கதவுக்குள் அது நுழையுமா என்று பார்க்க வேண்டுமே. அளந்த இடத்தில் முடிச்சுப் போட்டுக் கயிற்றைத் தலையணைக்கடியில் வைத்தேன்.

சரி, பதினெட்டு வீட்டுப் பெண்களையும் ரோட்டுக்கு வராமல் எப்படித் தடுப்பது? மிரட்டினால் நடக்காது. எங்கள் லயத்தில் யாரும் என்னைப் பார்த்துப் பயந்ததாகச் சரித்திரம் இல்லை. அப்போதுதான் என் மூளையில் பல்பு எரிந்தது. ஞாயிறு காலையில் அவர்களுக்கு வேலை கொடுத்துவிட்டால்? அதுவும் என் கண் முன்னாலேயே, பக்கி ஷெட்டுக்குள்ளேயே?

யாப்பிடம் ஓடினேன். "பாஸ், பக்கி எல்லாம் ஒரே செம்மண் தூசி. முந்தின நாள் கழுவினா மறுபடி தூசி ஏறிடும். அன்னைக்குக் காலையிலதான் கழுவணும். பேட்டரி மேலெல்லாம் வெள்ளையாப் பூத்திருக்கு. சீட்டுக்கு அடியிலிருந்து புளிச்ச நாத்தம். டத்தோ மூக்குல ஏறினா நல்லாவா இருக்கும்? லயத்துப் பொம்பளைங்களையே கூலிக்குப் போட்டுக் கழுவிடலாம். ரோட்டுக்குப் போக ஆளே இருக்காது."

யாப் என் முதுகில் தட்டினார். "ரெங்கா, யூ வெரி கிளவர்."

என் வாழ்க்கையில் அப்படி ஒருவரும் சொன்னதில்லை. வீட்டுக்குப் போகும்போது நெஞ்சு அரை அடி முன்னால் போயிற்று.

"ராஜம்மா, ஞாயித்துக்கிழமை காலையில உங்க எல்லாருக்கும் வேலை. பக்கி கழுவணும். ஓவர்டைம் கூலி."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரைக் கொட்டாமல் இன்னொரு சட்டியில் ஊற்றினாள்.

"பக்கியைக் கழுவறதுக்குத் தண்ணி?"

"ஷெட்ல பெரிய ஹோஸ் இருக்கே."

"பக்கி குளிக்கத் தண்ணி இருக்கு. புள்ளை குடிக்கத் தண்ணி இல்ல."

"அதெல்லாம் கம்பெனி பாலிசி."

"ஆளுக்கு ஒரு வாளி வீட்டுக்கு எடுத்துக்கலாமான்னு கேளுங்க."

கேட்டேன். யாப் தலையை ஆட்டினார். "வாஷ் பக்கி ஒன்லி. வீட்டுக்கு நோ." இதை நான் வந்து சொன்னேன். பூகம்பம் வரும் என்று பார்த்தேன்.

"சரி," என்றாள்.

"சரியா? ரோடு மறியல்?"

"கூலி வருதே. ரோடு எங்க ஓடிடப் போகுது?"

பதினேழு வருஷக் குடித்தனத்தில் நான் சொன்ன ஒரு விஷயத்துக்கு அவள் உடனே 'சரி' சொன்னது அதுதான் முதல் தடவை. புத்தியுள்ள புருஷனாக இருந்தால் அந்த நிமிஷமே பயந்திருப்பான். நான் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

அவளே இன்னொன்றும் சொன்னாள். "ஏங்க, டத்தோ ஏறுற பக்கியை யாரு ஓட்டப் போறது?"

"தெரியல. கோல்ஃப் மட்டை தூக்கற கேடி பையன் யாராவது."

"நல்ல கதை! பக்கிக்கே ஃபோர்மேன் நீங்க. இன்னொருத்தன் ஓட்டறதா? மேனேஜர்கிட்டக் கேளுங்க. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, தொப்பி... உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கும்."

என் நிறத்துக்கு வெள்ளை எடுப்பாக இருக்கும் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். மறுநாளே கேட்டு வாங்கினேன். அவளே உட்கார்ந்து கஞ்சி போட்டாள். கரி இஸ்திரிப் பெட்டியை எடுத்து மடிப்புக் கலையாமல் தேய்த்தாள். என் பொண்டாட்டி மாதிரி உண்டா என்று நினைத்துக் கண் கலங்கினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கோவில் முன்னால் பெண்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். பேட்டரி விளையாட்டுச் சாமான் இல்லை. ஒரு பக்கிக்கு ஆறு பேட்டரி. எல்லாம் வரிசையாக ஒயரில் கோத்திருக்கும். தப்பாகக் கை வைத்தால் ஆள் காலி.

"முதல்ல சாவியை ஆஃப் பண்ணி உருவிடணும். கியரை நியூட்ரல்ல போடணும். சார்ஜர் பிளக் மாட்டியிருந்தா எடுத்துடணும். அப்புறம் சீட்டைத் தூக்கிட்டு, கொஞ்ச நேரம் சும்மா நிக்கணும்."

"ஏன் அண்ணே சும்மா நிக்கணும்?" என்றாள் சந்திரகலா.

"சார்ஜ் ஏறின பேட்டரியிலருந்து கேஸ் வரும். அது கலையணும். பீடி, தீக்குச்சி எதுவும் கிட்ட வரக்கூடாது. வந்தா சீட்டோட சேந்து நாமளும் பறப்போம்."

"எது வரைக்கும்?"

"கிள்ளான் டவுன் வரைக்கும். சிரிக்காதீங்க. உடம்புல தங்கம், வெள்ளி, இரும்பு எதுவும் இருக்கக் கூடாது. வளையல், மெட்டி, வாட்ச், எல்லாத்தையும் கழட்டிடணும்."

"தாலியுமா?" என்றாள் இராஜம்மா.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கோவில் வாசல் வேறு.

"குனிஞ்சு வேலை பாக்கும்போது கொடி கீழே தொங்கும். ரெண்டு டெர்மினலுக்கு நடுவுல விழுந்தா பழுக்கக் காய்ஞ்சிடும். பேட்டரிக்கு இது தாலி, இது சங்கிலின்னு வித்தியாசம் தெரியாது."

"உங்களுக்கு மோதிரம்னு தெரிஞ்சுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கல்யாண மோதிரத்தோடு ஸ்பேனர் பிடித்தவன் நான். ஸ்பேனர் ஒரு பக்கம், மோதிரம் ஒரு பக்கம் என்று தொட்டுவிட்டது. கண்மூடித் திறப்பதற்குள் மோதிரம் சிவந்துவிட்டது. டாக்டர் வெட்டித்தான் எடுத்தார். விரலைச் சுற்றி வெள்ளைத் தழும்பு இன்னும் இருக்கிறது. 'கல்யாண அடையாளம் உங்க உடம்புலயே ஒட்டிக்கிச்சு, இனிமே தப்பிக்க முடியாது' என்று அன்றைக்கே சொன்னவள் அவள்.

"மஞ்சக் கயிறுன்னா?" என்று கேட்டாள்.

"காஞ்ச கயிறுன்னா பரவால்ல."

பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு முக்கியமான பாடத்துக்கு வந்தேன்.

"இப்ப எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. எடுத்த எடுப்புல நடு ஒயர்ல கை வைக்கக் கூடாது. முதல்ல மெயின் கருப்பு ஒயர். அது மாட்டியிருக்கிற வரைக்கும் ஆபத்து. அதைத்தான் முதல்ல கழட்டணும். கழட்டினதும் நுனியில துணியைச் சுத்தி, தூரமாத் தள்ளி வச்சிடணும். சும்மா விட்டா அது தானா நிமிந்து வந்து மறுபடி ஒட்டிக்கும். பொறி பறக்கும். அதைத் தள்ளி வச்சிட்டா மத்த வேலை எல்லாம் நிம்மதியாப் பாக்கலாம்."

இராஜம்மா மனப்பாடம் செய்கிற மாதிரி மெல்லச் சொன்னாள். "ஆபத்தானதை முதல்ல கழட்டணும். துணி சுத்தணும். தள்ளி வைக்கணும்."

"கரெக்ட்! அந்த ஒயர் ஒண்ணு போதும். அப்புறம் சோடா மாவைத் தண்ணியில கரைச்சு, வெள்ளையாப் பூத்திருக்கிற இடத்தைத் தேய்ச்சிடுங்க."

"திரும்ப மாட்டறது?"

"அது என் வேலை. டெக்னிக்கல்."

ஸ்பேனர் பிடிகளுக்கு சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். பத்திரமாக வைத்திருக்கச் சொன்னேன். அந்த வார்த்தையையும் அவர்கள் காப்பாற்றினார்கள்.

ஞாயிறு காலை விடிந்ததும் விடியாததுமாகப் பெண்கள் ஷெட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி கையிலும் வளையல் இல்லை. ஒருத்தி கழுத்திலும் தங்கம் இல்லை. எல்லோர் கழுத்திலும் புது மஞ்சள் கயிறு. இராஜம்மா கழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கொடி இல்லாத கழுத்தை நான் பார்த்ததே இல்லை. நான் உயிரோடுதான் இருக்கிறேனா என்று ஒரு தடவை நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"என்ன முழிக்கிறீங்க? நீங்க சொன்னபடிதானே?" என்றாள்.

சொன்னபடிதான். வேலையும் சுத்தம். சாவி உருவினார்கள், சீட்டைத் தூக்கினார்கள், விலகி நின்றார்கள், கருப்பு ஒயரைக் கழட்டித் துணி சுத்தினார்கள். ஒரு பொறி இல்லை. நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க இன்னும் இங்கயே நின்னா எப்படி?" என்றாள் இராஜம்மா. "வெள்ளைச் சட்டையில ஆசிட் தெறிச்சா ஓட்டை விழுந்திடும். கிளப் ஹவுஸ்ல போய் டிரெஸ் மாத்திட்டு உக்காருங்க. நாங்க பாத்துக்கிறோம்."

"மாட்டறதுக்கு..."

"அதுக்கு வாங்க. டெக்னிக்கல் ஆச்சே."

போனேன். வெள்ளையைப் போட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். எடுப்பாகத்தான் இருந்தது. யாப் கழுத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி டை கட்டிவிட்டார். காப்பி கொடுத்தார்கள், அதுவும் சாஸருடன். பிறகு வரவேற்பு வரிசையில் எப்படி நிற்பது, எப்படிக் குனிவது என்று இரண்டு மூன்று தடவை ஒத்திகை பார்த்தார்கள். வாசல் ரோட்டை எட்டிப் பார்த்தேன். ஈ காக்கை இல்லை. யாப் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நானும் காட்டினேன். குவாட்டர்ஸில் அலமாரியை எந்தச் சுவரோரம் வைக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

ஷெட்டுக்குத் திரும்பியபோது ஹோஸ் நின்றிருந்தது. சத்தமே இல்லை. இருபது பக்கியும் பளபளவென்று நின்றன. இருபதிலும் சீட்டு தூக்கியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஆறு பேட்டரி ஆறு அநாதையாக உட்கார்ந்திருந்தது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒரு ஒயர் கிடையாது. அடுத்த பக்கி. அதிலும் இல்லை. எல்லா ஒயரும், குட்டை நெட்டை எல்லாம் கலந்து, ஒரு பெரிய டிரம்மில் சோடாத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மைலோ டின்களில் நட்டு, போல்ட்டு.

இராஜம்மா மட்டும் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அடிப்பாவி! என்ன பண்ணி வச்சிருக்கே?"

"சுத்தம் பண்ணினோம்."

"ஒரே ஒரு ஒயர்தானே கழட்டச் சொன்னேன்!"

"வெள்ளையாப் பூத்தது ஒயருக்கு அடியில இருந்துச்சு. கழட்டாம எப்படித் தேய்க்கிறது?"

"சரி, ஸ்பேனர் எங்க? சீக்கிரம் குடு!"

"பத்திரமா வைக்கச் சொன்னீங்களே. பொம்பளைங்க இடுப்புல சொருகியிருந்தாங்க."

"பொம்பளைங்க எங்க?"

"வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போயிட்டாங்க."

"ஐயோ, ராஜம்மா, டத்தோ வந்தாச்சு! ஒரு பக்கியையாவது மாட்டணும்டி!"

அவள் எழுந்தாள். வாளியை எடுத்தாள். "கழட்டத்தான் சொல்லிக் குடுத்தீங்க. மாட்டறது டெக்னிக்கல்னுட்டீங்க," என்று சொல்லிவிட்டு லயத்துப் பக்கம் நடந்தாள்.

நான் வெறுங்கையால் நட்டைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தபோது யாப் வந்தார். பின்னாலேயே டத்தோ, அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர், நாலைந்து பத்திரிகைக்காரர்கள், கேமரா. யாப் முகத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம் எங்கும் பார்க்கவில்லை.

"வை கேன்னாட் மூவ்?" என்றார் டத்தோ. பெரிய உடம்பு, நல்ல மனுஷன் மாதிரி தெரிந்தது.

"சேஃப்டி, டத்தோ," என்றேன். வேறென்ன சொல்வது? உண்மையும் அதுதான்.

கார் போக முடியாது. புல்வெளி நனைந்து கிடந்தது. பக்கிப் பாதையோ குளத்தைச் சுற்றிச் சுற்றி மலைக்கு ஏறுகிறது. அதில் நடந்தால் கல்வெட்டைத் திறப்பதற்குள் டத்தோவுக்கே கல்வெட்டு வைக்க வேண்டியிருக்கும். "வேற வழி இல்லையா?" என்று டத்தோ கேட்டார்.

யாப் வாயைத் திறப்பதற்குள் என் வாய் திறந்துவிட்டது. "இருக்கு டத்தோ. பழைய தோட்ட ரோடு. குறுக்கே பத்து நிமிஷம்."

அந்த ரோடு எங்கள் லயத்து வழியாகப் போகிறது என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. யாப் ஏதோ சொல்ல வந்தார். டத்தோ நடக்க ஆரம்பித்துவிட்டார். ஓட்டுவதற்குப் பக்கி இல்லாத டிரைவர் நான். என் கையில் ஒரு பெரிய குடையைத் திணித்தார்கள். டத்தோ தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன்.

இந்த ரோட்டிலும் கார் ஏன் வர முடியாது என்பது வழியில் எல்லோருக்கும் தெரிந்தது. கம்பெனி தோண்டிய பள்ளம் அங்கேயே இருந்தது. நாங்கள் குறுக்கே போட்டிருந்த பலகைமேல் டத்தோ ஒவ்வொரு காலாக வைத்துத் தாண்டினார். கேமரா கிளிக் கிளிக். லயத்தை மறைக்கப் பக்கிப் பாதையோரம் உயரமாகப் பச்சைத்துணி கட்டியிருந்தார்கள். நாங்களோ துணிக்கு அந்தப் பக்கம், வீடுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தோம்.

பெண்கள் யாரும் ரோட்டில் உட்காரவில்லை. கோஷம் போடவில்லை. அவரவர் வாசலில் அவரவர் நின்றார்கள். வாசலுக்கு வாசல் வரிசையாகக் காலி வாளி. சந்திரகலா குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள்.

எங்கள் வீட்டு முன்னால் வந்ததும் டத்தோவுக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் வேர்வை. எங்கள் வாசல் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். நான் குடையை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன்.

"கொஞ்சம் தண்ணி," என்று மலாயில் கேட்டார்.

இராஜம்மா உள்ளே போனாள். கண்ணாடித் தம்ளரில் கொண்டு வந்து இரண்டு கையாலும் நீட்டினாள். டத்தோ வாய்க்குக் கொண்டு போனார். நிறத்தைப் பார்த்தார். மூக்குக்குக் கொண்டு போனார். கீழே இறக்கினார்.

"இது என்ன?"

"ஈயக்குட்டைத் தண்ணி, டத்தோ," என்றாள் அவள், மலாயில், நிதானமாக. "எங்க வீட்ல இதுதான் இருக்கு. பைப்பை அடைச்சுட்டாங்க. காலையில நாங்க பக்கி கழுவினது நல்ல தண்ணி. அதை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதுன்னு ஆர்டர்."

அந்த ஆர்டரைக் கொண்டுவந்து சொன்னவன் நான். வெள்ளைச் சட்டையும் வண்ணத்துப்பூச்சி டையுமாகக் குடை பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கிறேன். இராஜம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சந்திரகலாவின் குழந்தைதான் என்னைப் பார்த்துச் சிரித்தது. வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குடையைப் போட்டுவிட்டு எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது. குடை கனமாக இருந்தது, விடவும் தைரியம் இல்லை.

டத்தோ அந்தத் தம்ளரைக் கையில் பிடித்தபடி யாப்பைப் பார்த்தார். கேமராவும் யாப்பைப் பார்த்தது.

"பைப்பை எப்பத் திறப்பே?"

"நாந்தி, டத்தோ," என்றார் யாப். பழக்க தோஷம்.

"செகாராங்," என்றார் டத்தோ. இப்போதே என்று அர்த்தம். எங்கள் லயத்தில் அந்த வார்த்தையை ஒரு பெரிய மனுஷன் வாயால் கேட்டது அன்றுதான். ஸ்பேனரும் கையுமாக ஆள் ஓடினான். மாற்று வீடு கட்டிக் கொடுக்கும்வரை ஒரு சுவரைக்கூடத் தொடக்கூடாது என்று பத்திரிகைக்காரர்கள் முன்னாலேயே சொன்னார். பேச்சுதான். பேச்சு எத்தனை நாள் தாங்குமோ யாருக்குத் தெரியும். ஆனால் மறுவாரம் மெஷின் வரவில்லை.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாப் என்னை வேலையைவிட்டுத் தூக்கவில்லை. தூக்கினால் இருபது பக்கியை யார் மாட்டுவது? பொழுது சாயும்வரை டிரம்முக்குள் கையைவிட்டு எது குட்டை, எது நெட்டை என்று பொறுக்கிப் பொறுக்கிக் கோத்தேன். குவாட்டர்ஸ் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வெள்ளைக் காற்சட்டையில் ஆசிட் பட்டு முழங்காலில் சல்லடையாக ஓட்டை.

வீட்டுக்கு வந்தபோது பைப்படியில் ஒரே சத்தம். தண்ணீர் கொட்டுகிறது. பெண்கள் வாளிக்கு வாளி சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டை காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. இராஜம்மா எனக்கு ஒரு வாளி நிறைத்து வைத்திருந்தாள். கழுத்தில் இன்னும் மஞ்சள் கயிறு.

முகத்தைக் கழுவினேன். மெதுவாக ஆரம்பித்தேன். "ராஜம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். மேனேஜர் வந்து..."

"குவாட்டர்ஸ்தானே? தெரியும்."

"யாரு சொன்னா?"

"கயிறு. அலமாரியை அளந்து முடிச்சுப் போட்டுத் தலையணைக்கடியில வச்சிருந்தீங்க. பதினேழு வருஷமா அது அதே சுவரோரம் நிக்குது. புதுசா எதுக்கு அளப்பாங்க?"

வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பதினேழு வீட்டுக்காரங்க குட்டைத் தண்ணியைக் குடிக்கிறப்ப, பைப்புத் தண்ணி எனக்குத் தொண்டையில இறங்கும்னு எப்படிங்க நினைச்சீங்க?"

"தப்புதான்," என்றேன். நிஜமாகவே சொன்னேன். பிறகு சந்தேகம் அரித்தது. "அது தெரிஞ்சுமா எனக்கு டிரைவர் வேலை கேக்கச் சொன்னே? கஞ்சி போட்டுத் தேய்ச்சுக் குடுத்தே? கிளப் ஹவுஸ்ல போய் உக்காரச் சொன்னே?"

அவள் துவைப்பதற்காக என் வெள்ளைச் சட்டையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"ஆபத்தானதை முதல்ல கழட்டி, துணி சுத்தி, தூரமாத் தள்ளி வைக்கணும்னு நீங்கதானே பாடம் நடத்தினீங்க?"